ஒரு கிளாஸ் கடல்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஜெனோவா வாயகன்ற கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் வனிலா ஐஸ்கிரீம் உருண்டையை மிதக்கவிட்டு, அதன் உச்சியில் சிவப்புக் காகிதக் குடையைக் குத்தி, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் காணாமல்போன அவள் புருஷன் லீனஸ் அந்தக் குடைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

கட்டைவிரல் நகம் உயரம்தான் இருந்தான். ஆனாலும் அவனேதான். கப்பலில் போடும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி கறுப்பு டை, எத்தனை சீவினாலும் படியாமல் இடது காதுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்த மயிர். புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தூரத்தில் ஏதாவது கப்பல் வருகிறதா என்று ஊறுகாய் ஜாடி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேசு மரி சூசையே!” என்று ஜெனோவா போட்ட சத்தத்தில், பின்வீட்டு மாடியில் கருவாட்டுக்குக் காத்திருந்த காக்கைகள் எல்லாம் ஒருதரம் எழும்பி உட்கார்ந்தன.

கிளாஸில் இருந்தது லீனஸ் கண்டுபிடித்த கலவை. உல்லாசக் கப்பலில் பதினாலாவது மாடித் தட்டில், கடலே கண்ணில் படாத ஒரு பாரில் அவனுக்கு வேலை. லீவில் வருகிற முதல் சாயங்காலம், பெட்டியைத் திறக்குமுன்னே தெருவைக் கூப்பிட்டு அதைத்தான் கலக்குவான். நோட்டில் எழுதியும் வைத்திருந்தான். அன்னாசிச் சாறு அரை டம்ளர், கெட்டித் தேங்காய்ப்பால் கால் டம்ளர், எலுமிச்சை அரைமூடி, ரம் ரெண்டு மூடி, மேலே சோடா, சோடாவின் நுரை அடங்குமுன் ஐஸ்கிரீம். கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு: குடையை மறக்காதே, குடை இல்லாட்டி அது வெறும் ஜூஸ்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் நாலு மணிக்குத் தட்டில் இருந்தான், ஆறு மணிக்கு இல்லை. அவ்வளவுதான் கப்பல்காரர்கள் எழுதிய கடிதம். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பில்லாத சாவுக்கு நான் எப்படி அழுவேன் என்று ஜெனோவா நாலு வருஷமும் அழவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கூடவே இருந்த மாமியார் இஞ்ஞாசியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்தாகிவிட்டது, பேர் வெட்டிய கல் சொல்லியாகிவிட்டது, மகன் படம் போட்ட நினைவு அட்டை நூறு அச்சடித்துக் கட்டாக வந்து அலமாரியில் உட்கார்ந்தும் விட்டது. “ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை பூசை வைக்கோம், கல்லு நடுதோம், நீ தாலியக் கழத்துத. எம் மவன் ஆத்துமா எத்தன நாளைக்குட்டி அலையும்?” என்று கிழவி நாள் குறித்துவிட்டாள்.

புதன்கிழமை லீனஸின் பிறந்தநாள். அவன் வைத்துவிட்டுப் போன ரம் பாட்டிலில் சரியாக ரெண்டு மூடிதான் மிச்சம் இருந்தது. அவன் பேருக்கு ஒருதரம் கலந்து குடித்துவிடுவோம், குடித்து முடித்ததும் சரி செத்துத்தான் போனான் என்று ஒத்துக்கொள்வோம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் அவள் அன்னாசியை அரிந்தாள். வந்து உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அடுத்த வீட்டுச் சலேத்தம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் மகன் ஜோயலை வள்ளத்தோடு பறிகொடுத்தவள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து, குடைக்கு அடியில் நன்றாகப் பார்த்தாள்.

“லீனஸுதான்,” என்றாள். “எளச்சிட்டான்.”

அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். முகம் வெளிறிவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“ஏளா ஜெனோவா, இது ரம்மா? தவக்காலத்துலயா? அதுவும் பெரிய வாரத்துலயா?”

பத்து நிமிஷத்தில் தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், ஆமாம் லீனஸ்தான் என்றார்கள், சட்டை இன்னும் வெள்ளையாக இருக்கிறதே என்றார்கள், குடை அவனுக்குக் கொஞ்சம் பெரிசு என்றார்கள். பிறகு மூக்கில் வாசனை ஏறியதும் அப்படியே திகைத்து நின்றார்கள். நாற்பது நாளாகக் கறி தொடாமல், டீயில் சீனி போடாமல், சீரியல் பார்க்காமல் கிடந்த தெரு அது. கலியாண வீட்டில்கூடப் பாட்டுப் போடாத தெரு. அந்தத் தெருவில், பீடத்துச் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருக்கிற வாரத்தில், ஒரு பொம்பளை பட்டப்பகலில் ரம் பாட்டிலைத் திறந்தாளாமே என்று, போகிற வழியெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். புருஷன் திரும்பி வந்தது பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஐஸ் கம்பெனி சிலுவைமுத்து மட்டும் கிளாஸைவிட்டு நகரவில்லை. விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவதில் முப்பது வருஷம் கை பழுத்த மனுஷன், தவக்காலத்துக்காகக் குடியை நிறுத்தியிருந்தவன். அதனால் வாசனைக்காகத்தான் நிற்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதெல்லாம் கெடக்கட்டும்,” என்றான். “இது உருகுதே.”

சித்திரை வெயில் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. ஐஸ்கிரீம் உருண்டையின் ஓரத்திலிருந்து வெள்ளைச் சொட்டு ஒன்று அன்னாசிக் கடலில் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே நினைப்பு. சலேத்தம்மாதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“அவனுக்கு நீச்சல் தெரியாதே.”

தெரியாதுதான். நாலு தலைமுறை கடல்காரன் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பது தெருவுக்கே ஒரு கேலி. இஞ்ஞாசியம்மாவின் புருஷன் கடலில் போன அன்றைக்கு லீனஸுக்கு மூன்று வயசு. அன்றிலிருந்து மகனைக் கணுக்கால் நனைய விட்டதில்லை அவள். கடற்கரையில் விளையாடினால் பிரம்பு, படகில் ஏறினால் பட்டினி. பிள்ளையைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று அவள் நிம்மதியாக இருந்தபோதுதான், அவன் கப்பலில் வேலைக்கு எழுதிப் போட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஜெனோவா கரண்டியை எடுத்தாள். அவனை அப்படியே அள்ளிவிடலாம் என்று நினைத்தாள். கரண்டி கிளாஸின் விளிம்பைத் தாண்டியதுமே லீனஸ் அண்ணாந்து பார்த்து, கண் பிதுங்கி, வாயைத் திறந்து கத்தியபடி தீவின் மறுகோடிக்கு ஓடினான். சத்தம் கேட்கவில்லை. அவன் ஓடிய ஓட்டத்தில் தீவு சாய்ந்தது, குடை ஆடியது, அலை அவன் முழங்கால்வரை ஏறி இறங்கியது. ஜெனோவாவின் முகம் அவனுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கடலும் வானமும்தான் தெரிந்தது. அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு தெரு வேலையில் இறங்கிற்று. கிளாஸை ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் லீனஸ் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தான், உதடு நீலம் பாரித்துவிட்டது; வெளியே எடுத்தார்கள். வெளியே வைத்தால் தீவு கரைந்தது. ஃபேனைப் போட்டால் அவனுக்குப் புயல். கடைசியில் சிலுவைமுத்து ஒரு அலுமினிய அண்டாவில் ஐஸைப் பொடித்துப் பரப்பி, நடுவில் கிளாஸை வைத்து, சுற்றி நனைந்த சாக்கைக் கட்டி, சன்னலுக்கு ஈரப் போர்வை தொங்கவிட்டான். உருகுவது நிற்கவில்லை, தாமதப்பட்டது.

யாராவது பக்கத்திலேயே இருந்து ஐஸ் மாற்ற வேண்டுமே. பெரிய வியாழனன்று கோயிலில் ஆராதனைக்குத் தெருவாரியாக அரைமணி அரைமணியாக முறை போட்டு, சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கிளாஸுக்கும் முறை எழுதினார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் இரண்டு முதல் இரண்டரை, வலைக்காரர் சந்து இரண்டரை முதல் மூன்று. வந்தவர்கள் பழக்கத்தில் மேஜைக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். பிறகு இது நற்கருணை அப்பம் இல்லை, லீனஸ்தான் என்று ஞாபகம் வந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள், இந்தத் தெருவில் இப்படி ஒரு கிளாஸ் எப்போதுமே இருந்தது என்பது மாதிரி ஆகிவிட்டது. குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள்: “காலைல என்ன செஞ்சான்?” “எழும்பி ரெண்டு சுத்து நடந்தான். சட்டக்கையை மடிச்சி விட்டான். இப்பம் தூங்குதான்.”

பசிக்குமே என்று ஜெனோவா மக்ரூன் ஒன்றைப் பொடித்து, ஒரு துணுக்கை மேலேயிருந்து போட்டாள். தலையணை அளவுக்கு ஒரு இனிப்புத் துண்டு வானத்திலிருந்து பக்கத்தில் விழுந்ததும் லீனஸ் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தான், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான், முகர்ந்தான். முகர்ந்தவுடன் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. தன் ஊர் மக்ரூன் வாசம் அவனுக்குத் தெரியாதா? ஜெனோவா கிளாஸில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “நான்தான், நான்தான் போட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இஞ்ஞாசியம்மா மட்டும் வந்து பார்க்கவில்லை. அடுத்த அறைதான், பத்தடி தூரம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு செபமாலையை உருட்டினாள். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: “தவக்காலத்துல ரம் நாறுத எடத்துக்கு நான் வரமாட்டேன்.”

“ரம்முக்கா பயப்படுதிய, மாமி?” என்றாள் ஜெனோவா வாசலில் நின்று.

கிழவி உருட்டுவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “கல்லு சொன்னவ நான். நீச்சல் படிக்க விடாதவளும் நான். எங் கண்ணு முன்னால அவன் முங்கினான்னா, எம் மவன நான் ரெண்டு தரம் கொன்னதாயிரும். போடி, போ.”

பெரிய வெள்ளி வந்தது. வியாழன் இரவு தொட்டுக் கோயில் மணி அடிக்காது; மரக்கட்டையைத் தட்டித்தான் ஆள் கூப்பிடுவார்கள். தெரு முழுக்க ஒருசந்தி நோன்பு. பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவர்களும் உண்டு. அனலென்றால் அப்படி ஒரு அனல். இரண்டு மணி முறைக்குச் சிலுவைமுத்து வந்தபோது அண்டா ஐஸ் எல்லாம் தண்ணீராகிக் கிடந்தது, தீவு ஒரு நார்த்தங்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. மனுஷனுக்குப் பதறிவிட்டது. வெளியே ஐஸ் வைத்துப் பிரயோசனமில்லை, கடலையே குளிரவைப்போம் என்று, சாக்கில் கொண்டுவந்த ஐஸை உடைத்து, நாலு சில்லை மெதுவாகக் கிளாஸுக்குள்ளேயே நழுவவிட்டான்.

அரைமணி நேரத்தில் ஜெனோவா அலறினாள். எலுமிச்சை நெல்லிக்காயாகியிருந்தது. குடையின் குச்சி பாதி வெளியே தெரிந்தது. லீனஸ் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சிலுவைமுத்து தன் விரலை நக்கிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. தலையிலடித்துக்கொண்டான். “பாவி நான்! பாவி! உப்பு போட்டுட்டேன்ளா. ஐஸ் ஒடச்சா உப்பு போடாம எங் கைக்குத் தெரியாதே. மீனுக்குப் போடுத மாதிரி ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன். உப்பு பட்டா ஐஸ் நிக்குமா?” என்று சுவரில் முட்டிக்கொண்டான். அவனைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. அந்தத் தெருவில் எவன் உடைத்திருந்தாலும் உப்புப் போட்டுத்தான் உடைத்திருப்பான்.

இன்னும் கால்மணிக்குத் தாங்காது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஜெனோவா தாலிக்கொடியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள்; யோசிக்கும்போது அவளுக்கு அது வழக்கம். பிறகு கொடியைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“தீவைக் காப்பாத்த முடியாது. கடலை இல்லாம ஆக்கிருவோம்.”

யாரும் தடுக்குமுன் குனிந்து கிளாஸின் விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சினாள்.

கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஐயோ என்றார்கள். பெரிய வெள்ளிக்கிழமை. மணி மூன்றாகப் பத்து நிமிஷம். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரம். ரம்! சலேத்தம்மா காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணைப் பொத்த வேண்டியவள். உபதேசியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பாடுகளின் வழிபாட்டுக்குச் சிவப்பு அங்கியோடு கிளம்பிக்கொண்டிருந்த பங்குச் சாமியாரை யாரோ ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

ஜெனோவா குடித்தாள். ஒரு வாய், இரண்டு வாய், பத்து வாய், இருபது வாய். குடம் கொள்கிற தண்ணீர் உள்ளே போயும் கிளாஸில் ஒரு நூல்தான் இறங்கியிருந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

“உப்பு கரிக்குது,” என்றாள். “அன்னாசி இல்ல, ரம் இல்ல. கடல். முழுக் கடலும் இதுக்குள்ளதான் கெடக்கு. என்னால ஒத்தையில முடியாது. யாராவது வாங்க.”

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியாருக்கு வயசு முப்பத்திரண்டு. செமினாரியில் இதற்கெல்லாம் பாடம் இல்லை. கிளாஸைப் பார்த்தார், குடைக்குச்சியைக் கட்டிக்கொண்டிருந்த லீனஸைப் பார்த்தார், விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“ஒருசந்தி நாள்ல கடல்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல,” என்றார். “குழல் ஏதாவது இருக்கா?”

கொல்லையில் பப்பாளி மரம் நின்றது. சிலுவைமுத்து ஓடிப்போய் இலை எல்லாவற்றையும் தண்டோடு ஒடித்துக்கொண்டு வந்தான். ஒரு மரத்து இலைத்தண்டும் காலி, மரம் மொட்டைக் கம்பமாக நின்றது. தண்டை வெட்டி வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தெரு குடிக்க ஆரம்பித்தது. முன்வரிசை முழங்காலில், இரண்டாம் வரிசை குனிந்து, மூன்றாம் வரிசை நாற்காலிமேல் ஏறி நின்று நீளத்தண்டு விட்டு. சாமியார் அங்கி நனையாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உபதேசியார் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு. நாற்பது நாளாகத் துளி தொடாத சிலுவைமுத்து அழுதுகொண்டே. குடித்தவர் நகர அடுத்தவர் வர, சந்துக்காரர் நகர மேட்டுத்தெருக்காரர் வர, உப்பில் உதடு வெடிக்க வெடிக்கக் குடித்தார்கள். சலேத்தம்மா ஒவ்வொரு மிடறுக்கும் நிறுத்தித் தண்டுக்குள் உற்றுப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. கிளாஸில் கடல் ஒரு விரற்கடை இறங்கியது, இரண்டு விரற்கடை இறங்கியது, அடித்தட்டு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போது ஒவ்வொருவராகத் தண்டைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்கள். தெருவில் யாருக்கும் இன்னொரு வாய்க்கு இடமில்லை. ஜெனோவா குடிக்கப் பார்த்தாள், குமட்டிக்கொண்டு வந்தது.

தீவு ஒரு பட்டாணி அளவு இருந்தது. லீனஸ் கழுத்துவரை தண்ணீரில் நின்றான். குடையை மட்டும் ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தான்.

“வழி விடுங்க,” என்றது ஒரு குரல்.

இஞ்ஞாசியம்மா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் தொட்டுப் பச்சைத்தண்ணீர் குடிக்காதவள். மகனைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தண்டு வேண்டாமென்று தள்ளிவிட்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் வாயை வைத்து, தன் புருஷனைத் தின்ற கடலை, மகனைத் தொடவிடாமல் முப்பத்தைந்து வருஷம் விரட்டிய கடலை, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். கிளாஸின் அடியில் காற்று கரகரவென்று சத்தம் போட்டது.

ஜெனோவா கிளாஸை வாங்கி மேஜைமேல் சரித்து வைத்தாள். லீனஸ் குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிமேல் வழுக்கி வழுக்கி நடந்து விளிம்புக்கு வந்தான். விளிம்பைத் தாண்டி மேஜை விரிப்பில் கால் வைத்தபோது ஒரு சாண் ஆனான். உப்பு ஜாடியைத் தாண்டியபோது ஒரு முழம். ஓரத்துக்கு வந்தபோது மேஜையின் கால் ஒன்று மடாரென்று ஒடிந்து, மேஜை சரிந்து, ஆறடி லீனஸ் ஈரம் சொட்டச் சொட்டத் தரையில் வந்து விழுந்தான். கையில் அந்தச் சிவப்புக் குடை மட்டும் அதே அளவில் இருந்தது.

எழுந்து உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்தான். சுற்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஊரைப் பார்த்தான். கையில் பப்பாளித்தண்டோடு சிவப்பு அங்கியில் நிற்கிற சாமியாரைப் பார்த்தான். சுவரில் காலண்டரைப் பார்த்தான். காலி ரம் பாட்டிலைப் பார்த்தான். அவன் கண் விரிந்தது.

“என்ன இது?” என்றான். “பெரிய வெள்ளியும் அதுவுமா ஊரே கூடி ரம்மா குடிக்கிய?”

ஜெனோவா அவனைப் பளாரென்று ஒரு அறை விட்டாள். அப்புறம் நாலு வருஷத்து அழுகையை அவன் ஈரச்சட்டைமேல் சாய்ந்து அழுது தீர்த்தாள். இஞ்ஞாசியம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டித் தடவி, காதுக்குப் பின்னால் நிமிர்ந்த அந்த மயிரைப் பிடித்தாள், பிடித்த பிறகுதான் திறந்தாள். சாமியார் வெளியே போகும்போது உபதேசியாரிடம், “ரெண்டு நாள் பிந்தி உயிர்த்த ஞாயித்துக்கிழம வந்திருந்தா பிரசங்கத்துக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும்,” என்று முணுமுணுத்ததாகச் சொல்வார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் வாசற்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். சலேத்தம்மா நின்றாள். ஒரு கையில் கழுவித் துடைத்த கண்ணாடிக் கிளாஸ், இன்னொரு கையில் வனிலா கப். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பெண்கள் வரிசையில். ஆறு பேர் கையிலும் கிளாஸ். கல்லறைத் தோட்டத்தில், உடம்பு இல்லாமல் பேர் மட்டும் வெட்டிய கல் நட்ட வீட்டுக்காரிகள்.

“ஏளா, மிச்சம் இருக்கா?” என்றாள் சலேத்தம்மா.

ஜெனோவா ரம் பாட்டிலை எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. சலேத்தம்மா தலையை ஆட்டினாள். சரி என்று சொல்லவும் முடியாமல், திரும்பிப் போகவும் கால் வராமல் வாசலிலேயே நின்றாள்.

லீனஸ் கொல்லைக்குப் போனான். கொடியில் அவன் வெள்ளைச்சட்டை தொங்கியது. நேற்று சாயங்காலம் காயப்போட்டது, இத்தனை வெயிலிலும் காயவில்லை. கீழே மணலில் சொட்டிக்கொண்டே இருந்தது, சொட்டு விழுந்த இடமெல்லாம் அன்னாசி மணத்தது. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். ஒடிந்த மேஜைக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, கிளாஸை அதன்மேல் வைத்து, பாரில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான்.

“பேரு?”

“ஜோயல்,” என்றாள் சலேத்தம்மா. “தொம்மை மவன் ஜோயல். பத்தொம்பது வயசு.”

சட்டையின் ஒரு கைப்பக்கத்தைக் கிளாஸுக்குமேல் பிடித்து முறுக்கிப் பிழிந்தான். கிளாஸ் நிரம்பியது. ஜெனோவா சோடா ஊற்றினாள். நுரை அடங்குமுன் ஐஸ்கிரீமை விட்டாள். அப்போதுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குடைக்கு எங்கே போவது? இருந்த ஒரே குடை கப்பலிலிருந்து வந்தது. அதுவும் நேற்றே ஈரத்தில் நைந்து போயிற்று.

இஞ்ஞாசியம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். மகன் படம் போட்ட நினைவு அட்டைக் கட்டை எடுத்துப் பிரித்தாள். கத்தரியால் ஒரு அட்டையை வட்டமாக வெட்டினாள், ஓரிடத்தில் கீறி மடித்துக் கூம்பாக்கினாள், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி நடுவில் செருகினாள். “நூறு இருக்கு,” என்றாள். “ஊருக்கே போதும்.”

சலேத்தம்மா குடையை வாங்கினாள். இரண்டு தடவை குறி தப்பி, மூன்றாவது தடவை உருண்டையின் உச்சியில் குத்தினாள். குத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாருங்க, சலேத்தக்கா,” என்றாள் ஜெனோவா.

“மாட்டேன்ளா. எனக்குப் பயமா இருக்கு.”

“பாருங்கக்கா.”

ஒற்றைக் கண்ணைத் திறந்தாள் சலேத்தம்மா. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள். வரிசையில் நின்ற ஆறு பேரும் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏலே!” என்று கத்தினாள். “இந்த வெயில்ல சட்டை கிட்டை இல்லாமலா நிக்க? எத்தன தரம் சொல்லிருக்கேன்!”

சிலுவைமுத்து பப்பாளி மரம் தேடித் தெருவில் ஓடினான்.